ரியாசான் இறைச்சிக் கதை: லரியோனோவ் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சோவியத் வரலாற்றைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் அலெக்சேய் லரியோனோவ் என்ற பெயரும் எப்படியோ வந்துவிடுகிறது. கூடவே அதே சந்தேகங்களும் வருகின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்வதை விட ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறேன்.

யாருங்க இந்த லரியோனோவ்? பேரே கேள்விப்பட்டதில்லையே?

மாஸ்கோவுக்குத் தென்கிழக்கே சுமார் 200 கிலோமீட்டரில், ஓகா ஆற்றங்கரையில் இருக்கிறது ரியாசான். அந்த நகரையும் அதைச் சுற்றியுள்ள பிராந்தியத்தையும் 1948 முதல் 1960 வரை ஆண்ட கம்யூனிஸ்ட் கட்சி முதல் செயலாளர்தான் லரியோனோவ். ஒரே ஆண்டில் அரசுக்குக் கொடுக்கும் இறைச்சியை மூன்று மடங்காக்கிக் காட்டுகிறேன் என்று 1959இல் அறிவித்தார். காட்டியும் விட்டார். அடுத்த ஆண்டே பிராந்தியத்தில் மாடுகள் இல்லை, அவரும் இல்லை.

அன்று பத்திரிகைகள் கொண்டாடிய அந்தச் சாதனைக்குப் பிற்பாடு ‘ரியாசான் அற்புதம்’ என்ற பெயர் நிலைத்துவிட்டது. இப்போது அதைக் கிண்டலாகத்தான் சொல்கிறார்கள்.

முதல் செயலாளர்னா கவர்னர் மாதிரியா, மந்திரி மாதிரியா?

இரண்டையும் விடப் பெரிய ஆள். பிராந்தியத்தில் சோவியத் என்ற நிர்வாக மன்றமும் அதற்கு ஒரு செயற்குழுவும் இருக்கும். கோர்ட், போலீஸ், ஆலைகள், பத்திரிகை, பள்ளிகள் எல்லாம் முறைப்படி தனித்தனி அமைப்புகள். ஆனால் அவற்றில் முக்கியமான பதவிகளில் யார் உட்காருவது என்பதைத் தீர்மானிப்பது கட்சிக் கமிட்டி. அந்தக் கமிட்டிக்குத் தலைவர் முதல் செயலாளர். ஆலை இயக்குநரோ, கிராமத்தார் சேர்ந்து உழைக்கும் கூட்டுப் பண்ணையின் தலைவரோ அவரைப் பகைத்துக்கொண்டு பிழைக்க முடியாது.

அவருக்கு மேலே மாஸ்கோ மட்டும்தான். உள்ளூர்க் கட்சிக் கூட்டம் அவரைத் ‘தேர்ந்தெடுக்கும்’ என்பது சடங்கு. பெயர் மாஸ்கோவிலிருந்து வரும், இங்கே கை தூக்குவார்கள். ஆக, கீழே இருக்கிறவர்களுக்கு அவர் ராஜா, மேலே இருக்கிறவர்களுக்கு எந்த நிமிடமும் மாற்றக்கூடிய ஊழியர். கீழிருந்து யாரும் தட்டிக்கேட்க முடியாது, மேலே நல்ல செய்தி மட்டும்தான் போக வேண்டும். இனி வரும் பதில்கள் பலவும் இதில் போய்த்தான் முட்டும்.

அந்த நாற்காலிக்கு எப்படி வந்தார்? பெரிய இடத்துப் பிள்ளையா?

இல்லை. 1907இல் வடக்கே அர்ஹாங்கெல்ஸ்க் பக்கம் பிறந்தவர். 1937, 38இல் ஸ்டாலின் நடத்திய களையெடுப்பில் மூத்த தலைமுறைக் கட்சிக்காரர்கள் கொத்துக்கொத்தாகக் காணாமல் போனார்கள். காலியான இடங்களில் முப்பது வயதுக்காரர்கள் மளமளவென்று ஏறினார்கள். லரியோனோவ் அந்தத் தலைமுறை.

1942இல், 34 வயதில், யாரோஸ்லாவ்ல் பிராந்தியத்தின் முதல் செயலாளர் ஆனார். நடுப் போர்க்காலம். முற்றுகையிலிருந்த லெனின்கிராடிலிருந்து தப்பி வந்த மக்கள் பெருங்கூட்டமாக அங்கே வந்து இறங்கினார்கள், ஆலைகளையும் நிறுத்தக்கூடாது. முடியாது என்று சொல்லவே இடமில்லாத அந்த ஆண்டுகளில் தேறியவர்களுக்கு ஒரு பாடம் ஆழமாகப் பதிந்திருக்க வேண்டும்: ஆளையும் பொருளையும் கசக்கிப் பிழிந்தால் எந்த இலக்கையும் தொட்டுவிடலாம். போருக்குப் பிறகு மாஸ்கோவில் கட்சியின் தலைமை அமைப்பான மத்தியக் கமிட்டியின் அலுவலகத்தில் வேலை, 1948இல் ரியாசான். 1952 முதல் மத்தியக் கமிட்டியிலும் உறுப்பினர்.

ஏன் திடீர்னு இறைச்சி மேல இவ்வளவு வெறி?

1957 மே 22 அன்று லெனின்கிராடில் பேசிய அன்றைய கட்சித் தலைவர் நிகிதா குருஷேவ், தலைக்கு இவ்வளவு என்ற கணக்கில் இறைச்சி, பால், வெண்ணெய் உற்பத்தியில் சில ஆண்டுகளுக்குள் அமெரிக்காவைப் பிடித்துவிடுவோம் என்று அறிவித்தார். அப்போது அமெரிக்காவில் தலைக்குச் சுமார் 100 கிலோ இறைச்சி, சோவியத் யூனியனில் சுமார் 32 கிலோ. பொருளாதார நிபுணர்கள் 1975 வரை ஆகும் என்று கணக்குப் போட்டுக் கொடுத்திருந்தார்கள். அவர் அதை மேடையிலேயே ஒதுக்கித் தள்ளினார்.

அடுத்த மாதமே கட்சியின் மூத்த தலைவர்களான மோலதோவ், மாலென்கோவ், ககனோவிச் ஆகியோர் அவரைக் கவிழ்க்கப் பார்த்தார்கள். அவர்கள் சுமத்திய குற்றங்களில் இந்த அமெரிக்கப் பந்தயமும் ஒன்று. மத்தியக் கமிட்டியில் இருந்த பிராந்தியச் செயலாளர்கள்தான் குருஷேவைத் தாங்கிப் பிடித்தார்கள். அதன் பிறகு இறைச்சி இலக்கு அவருடைய மானப் பிரச்சினையாகிவிட்டது. 1958 முடியும்போது பார்த்தால், வளர்ச்சி நத்தை வேகத்தில் இருந்தது. ‘தீர்க்கமான நடவடிக்கை எடுங்கள்’ என்று பிராந்தியங்களுக்கு அழுத்தம் போனது.

மூணு மடங்குன்னு யார் சொன்னது? மேலிருந்து வந்த ஆர்டரா, அவரே வாயைக் கொடுத்து மாட்டிக்கிட்டாரா?

காகிதத்தில் பார்த்தால் அவரே கொடுத்த வாக்கு. ‘சோஷலிச வாக்குறுதி’ என்று ஒரு முறை இருந்தது. அரசு கொடுக்கும் திட்ட இலக்குக்கு மேல் தானாக முன்வந்து இவ்வளவு தருகிறேன் என்று அறிவிக்க வேண்டும். ரியாசான் 1958இல் அரசுக்குக் கொடுத்தது சுமார் 48,000 டன். 1959இல் 1,50,000 டன் தருவதாகச் சொன்னார்கள். மேலே தயங்கியவர்களும் இருந்தார்கள். குருஷேவின் ஆதரவு இருந்ததால் 1959 ஜனவரி 9 அன்று கட்சி நாளிதழான ‘பிராவ்தா’ அதை வெளியிட்டது.

தேதியைக் கவனியுங்கள். கட்சியின் 21ஆவது மாநாடு ஜனவரி 27 அன்று தொடங்கியது. ஏழாண்டுத் திட்டத்துக்கு அங்கேதான் ஒப்புதல். அதற்கு முன்னால் ஒரு முன்மாதிரிப் பிராந்தியம் தேவைப்பட்டது. ஸ்தாவ்ரப்போல் இரண்டரை மடங்கு, கிராஸ்னதார் இரண்டு மடங்கு என்று மற்றவர்களும் பந்தயத்தில் குதித்தார்கள்.

இந்தக் கதையில் என்னை மிகவும் உறுத்துவது அடுத்து நடந்ததுதான். பிப்ரவரியிலேயே ரியாசானுக்கு லெனின் விருது. குருஷேவே நேரில் வந்து கொடுத்தார். இறைச்சி இன்னும் வரவில்லை, வாக்குறுதி அச்சாகி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. விருதை வாங்கி வைத்துக்கொண்ட பிறகு, ‘கணக்கில் ஒரு சிறு பிசகு’ என்று எந்தச் செயலாளர் சொல்வார்?

சரி, ஒன்றரை லட்சம் டன் நிஜமாவே போச்சா, இல்ல எல்லாம் பேப்பர்லதானா?

முழுக்கப் பொய்க்கணக்கு என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இருந்திருந்தால் கிராமங்களாவது தப்பித்திருக்கும். பெரும்பங்கு உண்மையிலேயே வெட்டப்பட்ட மாடுகள். அந்த ஆண்டு பிறந்த கன்றுகள் முழுவதும் போயின. பிறகு கறவை மாடுகளும் இனவிருத்திக்கு வைத்திருந்த காளைகளும் போயின. விதை நெல்லைக் குத்திச் சோறாக்கியது போலத்தான். அதுவும் போதாமல், கூட்டுப் பண்ணைக்காரர்கள் சொந்தமாக வளர்த்த மாடுகளை ‘தற்காலிகமாக’ என்று சொல்லி, ரசீது எழுதிக் கொடுத்து ஓட்டிப் போனார்கள்.

அப்போதும் எட்டவில்லை. பக்கத்துப் பிராந்தியங்களில் போய் மாடு வாங்கினார்கள். அதற்கான பணம் டிராக்டருக்கும், பள்ளிக்கூடத்துக்கும், சாலைக்கும் ஒதுக்கிய பணம். 1958இல் அரசு இயந்திர-டிராக்டர் நிலையங்கள் கலைக்கப்பட்டு, அந்த இயந்திரங்களைப் பண்ணைகளே விலைக்கு வாங்க வேண்டி வந்திருந்தது. பண்ணைகளின் கையில் காசு இல்லாத நேரம் அது. பள்ளிகள், அலுவலகங்கள் மீதுகூட ‘இத்தனை கிலோ’ என்று இறைச்சி வரி போட்டார்கள். வேறு பிராந்தியத்து மாட்டை ரியாசான் கணக்கில் எழுதியது மோசடிதான். ஆனால் வெட்டுக்கத்தி நிஜம்.

பன்றி, கோழின்னு வேகமா வளர்றதை வெச்சு சமாளிச்சிருக்கலாமே?

நல்ல கேள்வி, விவசாயம் தெரிந்தவர்கள்தான் இதைக் கேட்பார்கள். பசு சினையாகி ஈன ஒன்பது மாதம். அந்தக் கன்று ஓரளவு எடை போட இன்னும் ஒன்றரை ஆண்டாவது வேண்டும். ஆகவே 1959இல் மாட்டிறைச்சியை மூன்று மடங்காக்க, 1957லேயே தொடங்கியிருக்க வேண்டும். பன்றிக்குச் சினைக்காலம் நாலு மாதத்துக்குள், ஒரே ஈற்றில் பல குட்டிகள், ஏழெட்டு மாதத்தில் வெட்டலாம். கணக்கு அழகாகத்தான் இருக்கிறது.

ஆனால் பன்றி புல் தின்று கொழுக்காது. அதற்குத் தானியமும் உருளைக்கிழங்கும் வேண்டும், அடைக்கக் கொட்டகை வேண்டும், பார்க்க ஆள் வேண்டும். ரியாசானின் தானிய விளைச்சலோ தீவனக் கையிருப்போ ஒரே ஆண்டில் மூன்று மடங்காகவில்லை. ஜனவரியில் வாக்குக் கொடுத்து டிசம்பருக்குள் முடிக்க வேண்டும் என்றால் ஏற்கெனவே உயிரோடு இருப்பதை வெட்டுவதுதான் வழி.

கிராமத்து ஜனங்க மாட்டைக் கொடுக்க மாட்டோம்னு சொல்லியிருக்கலாமே?

யாரிடம் சொல்வது? அந்தக் காலத்தில் கூட்டுப் பண்ணைக்காரர்களில் பெரும்பாலோர் கையில் உள்நாட்டுப் பாஸ்போர்ட்கூட இல்லை. அது இல்லாமல் ஊரை விட்டு நகரத்துக்குப் போய்க் குடியேற முடியாது. பண்ணை கொடுக்கும் கூலியோ சொற்பம், பெரும்பாலும் உழைப்பு நாள் கணக்கில். வீட்டை ஒட்டிய சிறு நிலமும் ஒரு பசுவும்தான் குடும்பத்துக்குப் பாலும் உருளைக்கிழங்கும் கொடுத்தன. அந்தப் பசு போனால் குழந்தைக்குப் பால் போயிற்று என்று அர்த்தம்.

மேலே அடித்த காற்றும் தனி மாட்டுக்கு எதிராகவே இருந்தது. குருஷேவின் சொந்த ஊரான கலினோவ்காவில் மக்கள் தங்கள் பசுக்களைக் கூட்டுப் பண்ணைக்கு விற்றதை 1958 டிசம்பர் கூட்டத்தில் அவர் மெச்சிப் பேசினார். 1959இல் ரஷ்யாவில் நகரவாசிகள் வீட்டில் கால்நடை வளர்க்கவே தடை வந்தது. ரியாசான் கிராமத்தார் தங்கள் மறுப்பைக் காட்டினார்கள், ஒரு வருடம் கழித்து. அது எப்படி என்பதை ‘எப்படி மாட்டிக்கிட்டார்’ கேள்வியில் பாருங்கள்.

இலக்கைத் தொட்டதும் என்ன கொடுத்தாங்க?

1959 டிசம்பர் 16 அன்று வெற்றிச் செய்தி போனது. அதே மாதம் லரியோனோவுக்கு சோஷலிச உழைப்பு வீரர் பட்டம். மத்தியக் கமிட்டிக் கூட்டத்தில் குருஷேவ் ரியாசானைப் புகழ்ந்தார். 1960க்கு 1,80,000 டன் என்று அடுத்த வாக்கும் கொடுத்தாயிற்று. மாட்டுத் தொழுவம் காலியாக இருக்கும்போது கொடுத்த வாக்கு!

அப்புறம் எப்படி மாட்டிக்கிட்டார்?

யாரும் துப்பறிய வேண்டிய அவசியமே இருக்கவில்லை. 1960இல் ரியாசான் கொடுக்க முடிந்தது 30,000 டன்னைத் தாண்டவில்லை. 1,80,000 எங்கே, 30,000 எங்கே. போட்டியே தொடங்காத 1958இல் கொடுத்ததை விடவும் குறைவு. 1958ஓடு ஒப்பிட்டால் பிராந்தியத்தின் மாடுகளில் 65 விழுக்காடு போய்விட்டிருந்தது.

தற்காலிகமாக ஓட்டிப் போன பசுக்கள் திரும்பி வரவில்லை. வயிற்றெரிச்சலில் மக்கள் வயலுக்குப் போக மறுத்தார்கள். தானிய விளைச்சல் பாதியாக விழுந்தது. ஒரு சாதனையின் சேதத்தை மறைக்க இன்னொரு சாதனை தேவைப்பட்டது, அதற்கு எதுவுமே மிச்சமில்லை. 1960 செப்டம்பரில் லரியோனோவின் பதவியும் உயிரும் ஒரே மாதத்தில் போயின. இறந்த நாள் செப்டம்பர் 22, வயது 53.

தற்கொலைன்னு ஒரு இடத்துல படிச்சேன், மாரடைப்புன்னு இன்னொரு இடத்துல. எது சரி?

இரண்டும் புழக்கத்தில் இருக்கின்றன. வரலாற்று நூல்களில் பெரும்பாலும் தற்கொலை என்றே எழுதுகிறார்கள், இதயம் நின்றுபோனதாகச் சொல்பவர்களும் உண்டு. எப்படி, எந்த அறையில், கடைசியில் என்ன சொன்னார் என்றெல்லாம் விலாவாரியாக எழுதும் கட்டுரைகளை நான் நம்புவதில்லை. ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத நாடகங்கள் அவை.

எவ்வளவு சுருட்டினார்?

இறைச்சி விவகாரம் பணம் சுருட்டிய கதை இல்லை. இங்கே கைமாறிய நாணயம் வேறு: பட்டம், விருது, மாஸ்கோவில் இன்னும் பெரிய நாற்காலி கிடைக்கும் என்ற நம்பிக்கை. பள்ளிக்கூடப் பணம் மாடு வாங்கப் போனது, யாருடைய பைக்கும் போனதாகச் சொல்லவில்லை.

பணம் புழங்கிய கதை வேண்டும் என்றால் 1970களின் உஸ்பெக் பருத்தியைப் பாருங்கள். அங்கே விளையாத பருத்திக்கு அரசிடமிருந்து பணம் வாங்கி, மேலிருந்து கீழ்வரை பங்கு போட்டார்கள். அதோடு ஒப்பிட்டால் லரியோனோவ் நேர்மையானவர் என்றுகூடச் சிலர் வாதாடுகிறார்கள். பசுவை இழந்த குடும்பத்துக்கு அந்த வித்தியாசத்தால் என்ன லாபம் என்று எனக்குப் புரியவில்லை.

குருஷேவுக்கு ஒண்ணுமே தெரியாதா? இல்ல தெரிஞ்சும் கண்ணை மூடிக்கிட்டாரா?

கிராமத்தில் பிறந்தவர், விவசாயம் பற்றி மணிக்கணக்காகப் பேசுபவர். பன்றி கேள்விக்கான பதிலில் போட்ட கணக்கு அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. ரியாசான் எப்படியெல்லாம் மாடு திரட்டியது என்ற விவரம் 1959லேயே முழுதாக அவர் மேசைக்கு வந்திருக்க வேண்டும் என்பதில்லை. நல்ல செய்தி மட்டுமே மேலே போகும் ஏற்பாடு அது என்று முதலிலேயே சொன்னேன். ஆனால் அவருக்கு அந்தச் செய்தி தேவையாக இருந்தது. தேவைப்பட்ட செய்தியை யாரும் தோண்டிப் பார்ப்பதில்லை.

எனவே ‘ஏமாற்றப்பட்ட தலைவர், ஏமாற்றிய அதிகாரி’ என்ற பங்கீட்டை நான் ஏற்கவில்லை. லரியோனோவ் மீது பெரிய பழி உண்டு. எல்லாம் தெரிந்தே அடுத்த ஆண்டுக்கும் வாக்குக் கொடுத்தவர் அவர். ஆனால் விளையாட்டின் விதியை எழுதியவர் குருஷேவ்.

மத்தவங்களுக்கு என்ன ஆச்சு? ஒரே ஆளோட முடிஞ்சிதா?

இல்லை. 1961 ஜனவரியில் நடந்த மத்தியக் கமிட்டிக் கூட்டத்தில் பொய்க்கணக்கு எழுதுகிறவர்களைக் குருஷேவ் வறுத்தெடுத்தார். தொடர்ந்து பல பிராந்தியங்களில் செயலாளர்கள் மாற்றப்பட்டார்கள். பருத்திக் கணக்கைக் கூட்டிக்காட்டியதற்காக தாஜிகிஸ்தானின் முதல் செயலாளர் உல்ஜபாயேவ் அந்த ஏப்ரலில் பதவியை இழந்தார். மே 24 அன்று வந்த ஆணை, திட்டக் கணக்கில் இல்லாததைச் சேர்த்து எழுதினால் மூன்று ஆண்டு வரை சிறை என்றது.

ஆணை வந்ததே தவிர, பெரிய வாக்குக்குப் பெரிய விருது என்ற ஏற்பாடு மாறவில்லை. மேலே சொன்ன உஸ்பெக் பருத்தி இந்த ஆணைக்குப் பிறகு நடந்ததுதான்.

நோவோசெர்காஸ்க் துப்பாக்கிச்சூட்டுக்கு இதுதான் காரணம்னு சொல்றாங்களே?

1962இல் தெற்கு ரஷ்ய நகரான நோவோசெர்காஸ்கில் வேலைநிறுத்தக்காரர்கள் மீது நடந்த துப்பாக்கிச்சூட்டைக் கேட்கிறார்கள். நேர்க்கோடு போட்டால் தவறு. ரியாசான் ஒரு பிராந்தியம்தான், நாடு பெரியது. ஆனால் ரியாசானைப் பார்த்துப் பல இடங்களில் இதே ஓட்டம் நடந்தது, கடைகளில் இறைச்சித் தட்டுப்பாடு நீடித்தது, பண்ணைகளுக்கு மாடு வளர்ப்பதே நஷ்டமாக இருந்தது. பண்ணைகளுக்குக் கூடுதல் விலை கொடுப்பதற்காக 1962 ஜூன் 1 அன்று அரசு கடை விலையைக் கூட்டியது, இறைச்சிக்குச் சுமார் 30 விழுக்காடு, வெண்ணெய்க்கு 25.

நோவோசெர்காஸ்க் ரயில் எஞ்சின் ஆலையில் அதே சமயம் கூலி விகிதமும் குறைக்கப்பட்டிருந்தது. தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். மறுநாள் நடந்த துப்பாக்கிச்சூட்டில் 26 பேர் இறந்தார்கள், பிறகு 7 பேருக்கு மரண தண்டனை. இது முழுக்க மறைக்கப்பட்டு, பல ஆண்டுகள் கழித்தே வெளியே வந்தது.

சோவியத் புள்ளிவிவரத்துல 1959இல் இறைச்சி உற்பத்தி நிஜமாவே ஏறியிருக்கே? அப்போ கொள்கை வெற்றிதானே?

ஏறியிருக்கிறது. 1958இல் 77 லட்சம் டன், 1959இல் 89 லட்சம். அந்த இரண்டு எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு வாதாடுகிறவர்களை அடிக்கடி சந்திக்கிறேன். அடுத்த இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்: 1960இல் 87 லட்சம், 1961இலும் 87 லட்சம். அமெரிக்காவைப் பிடிக்க வேண்டிய ஆண்டுகளில் தேக்கம்.

இறைச்சி எண் ஏறுவது மந்தை வளர்வதாலும் இருக்கலாம், மந்தை அழிவதாலும் இருக்கலாம். புள்ளிவிவரத்தில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். 1963ஐ எடுத்துக்கொள்ளுங்கள். விளைச்சல் பொய்த்து, வெளிநாட்டிலிருந்து தானியம் வாங்கிய ஆண்டு அது. ஆனால் இறைச்சி உற்பத்தி 102 லட்சம் டன், அதுவரை இல்லாத உச்சம். தீவனம் இல்லாமல் வெட்டித் தள்ளியதால் வந்த உச்சம். நாட்டின் பன்றிகள் ஒரே ஆண்டில் சுமார் 7 கோடியிலிருந்து 4 கோடிக்குச் சரிந்தன, 1964இல் இறைச்சி 83 லட்சம் டன்னுக்கு இறங்கியது. எனவே சோவியத் இறைச்சி அட்டவணையை யாராவது நீட்டினால், பக்கத்தில் ஜனவரி 1 அன்று எத்தனை கால்நடை உயிரோடு இருந்தது என்ற கணக்கு இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.